கல்லூரி ஃபுட்பால்: ஸ்டேடியம் எப்போது நிரம்பும், எப்போது காலியாகும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், இது எந்த ஃபுட்பால்?

அமெரிக்கர்கள் ஆடும் ஃபுட்பால். தலையில் ஹெல்மெட், தோளில் பட்டைக் கவசம், முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. அதிலும் தொழில்முறை அணிகள் ஆடுவதை விட்டுவிட்டு, பல்கலைக்கழக மாணவர்கள் ஆடுவதைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறோம். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும். ஓர் அணிக்கு வழக்கமான சீசனில் 12 ஆட்டம். அதில் சொந்த மைதானத்தில் ஆறோ ஏழோ, சிலருக்கு எட்டு. ஊர்க்காரர்களுக்கு வருஷத்துக்கு அவ்வளவுதான் வாய்ப்பு.

கல்லூரிப் பையன்கள் ஆட்டத்துக்கு அப்படி என்ன பெரிய கூட்டம் வந்துவிடும்?

ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கைகள் உள்ள கல்லூரி ஸ்டேடியங்கள் அங்கே எட்டு: மிச்சிகன், பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம், எல்.எஸ்.யு., டென்னசி, டெக்சஸ், அலபாமா. மிச்சிகன் ஸ்டேடியத்தில் மட்டும் 1,07,601 இருக்கைகள். அது இருக்கும் ஆன் ஆர்பர் நகரத்தின் மக்கள்தொகையே சுமார் 1,20,000தான். 2013 செப்டம்பரில் நோட்ர டேம் அணியுடன் இரவில் ஆடியபோது அங்கே 1,15,109 பேர் என்று அறிவித்தார்கள். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் வழக்கமான இருக்கைகளின்படி மிகப் பெரிய ஸ்டேடியமே சுமார் 82,500தான்.

இந்த அறிவிப்புக் கணக்கை அப்படியே நம்பலாமா?

நம்பக் கூடாது. மற்ற எல்லா பதில்களுக்கும் இதுதான் அடிப்படை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பீக்கரில் அறிவிக்கும் எண், பல இடங்களில், விற்றதும் கொடுத்ததுமான டிக்கெட்டுகளின் கணக்கு. வாசலில் ஸ்கேன் ஆன டிக்கெட்டுகளின் கணக்கு வேறு. கல்யாணப் பத்திரிகை வாங்கியவர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்துவிடுவதில்லை அல்லவா? வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2018-ல் பல்கலைக்கழகங்களிடமிருந்து ஸ்கேன் கணக்குகளை வாங்கி ஒப்பிட்டது. அறிவித்த எண்ணிக்கையில் சராசரியாக 71 சதவீதம்தான் வாசலைத் தாண்டி உள்ளே போயிருந்தது. சில இடங்களில் பேண்டு வாத்தியக்காரர்களையும் ஊழியர்களையும்கூடத் தலைக்கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எண்ணை ஊதிக் காட்ட ஒரு காரணமும் இருந்தது. முதல்நிலைப் பிரிவில் நீடிக்க வேண்டுமானால், இரண்டு வருஷத்தில் ஒரு வருஷமாவது சராசரியாக 15,000 பேர் வர வேண்டும் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. விதி வைத்திருந்தது. சின்ன பல்கலைக்கழகங்கள் ஸ்பான்சர் தலையில் மொத்தமாக டிக்கெட்டைக் கட்டிவிட்டு எண்ணைச் சரிக்கட்டும். 2023-ல் அந்த விதியை எடுத்துவிட்டு, புதிதாக அந்தப் பிரிவுக்குள் வருபவர்களுக்கு 50 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் என்று வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், பழைய விதியைவிட இது நேர்மையானது.

சரி, கூட்டத்தைத் தீர்மானிப்பது எது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ரசிகர் இரண்டு முடிவு எடுக்கிறார். டிக்கெட் வாங்கலாமா என்பது ஒன்று. அதைப் பெரும்பாலும் சீசன் தொடங்கும் முன்பே, போன வருஷத்து ஆட்டத்தையும் இந்த வருஷத்து நம்பிக்கையையும் வைத்து முடிவு செய்கிறார். வாங்கிய டிக்கெட்டோடு இந்தச் சனிக்கிழமை கிளம்பலாமா என்பது இன்னொன்று. எதிரணி யார், எத்தனை மணிக்கு, வெயிலா மழையா, டி.வி.யில் வருகிறதா என்பதெல்லாம் இந்த இரண்டாவது முடிவில்தான் வேலை செய்யும். ‘கூட்டம் குறைகிறது’ என்று பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஜெயித்தால் கூட்டம் தானாக வந்துவிடாதா?

வரும், ஆனால் உடனே வராது. இண்டியானா பல்கலைக்கழகம் கூடைப்பந்துக்குப் பேர்போன இடம். ஃபுட்பாலில் அதுவரை தோல்விகளுக்கே பேர்போனது. 2024-ல் கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்து வரிசையாக ஜெயிக்கத் தொடங்கினார். முதல் ஆட்டங்களில் காலியாகக் கிடந்த இருக்கைகள் அக்டோபர் பாதிக்குமேல்தான் நிரம்பின. ஜெயிப்பது நிஜம்தான், அதிர்ஷ்டம் இல்லை என்று ஊருக்கு நம்பிக்கை வர ஒன்றரை மாதம் பிடித்தது.

கொலராடோவில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2022-ல் அந்த அணி ஆடியது 12, ஜெயித்தது ஒன்றே ஒன்று. டிசம்பரில் முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஏப்ரலில், தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் பயிற்சி ஆட்டத்துக்கு, அதுவும் பனி கொட்டிய நாளில், சுமார் 47,000 பேர் வந்தார்கள். 2023 சீசனில் சொந்த மைதான ஆட்டங்கள் அத்தனைக்கும் டிக்கெட் தீர்ந்துபோனது. அந்த வருஷம் முடிவு? நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி. ஆக, டிக்கெட்டை விற்பது வெற்றியைவிட எதிர்பார்ப்புதான். வெற்றி அந்த எதிர்பார்ப்புக்குக் கிடைக்கும் நல்ல ஆதாரம், அவ்வளவே.

பெரிய, பாரம்பரியமான அணிக்கும் கூட்டம் சரியுமா?

2014 மிச்சிகனைப் பாருங்கள். பாடமாகவே வைக்கலாம்.

மாணவர்களுக்கு அதுவரை சீனியாரிட்டிப்படி இருக்கை. 2013-ல், முதலில் வருபவருக்கு முதல் இடம் என்று மாற்றினார்கள். மாணவர்கள் சீக்கிரம் வருவார்கள் என்பது திட்டம். நண்பர்களோடு சேர்ந்து உட்கார முடியாத எரிச்சல்தான் மிஞ்சியது. அடுத்த வருஷம் மாணவர் சீசன் டிக்கெட் 280 டாலர். அந்த வருஷ அட்டவணையில் நோட்ர டேம், மிச்சிகன் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட் என்ற மூன்று பரம எதிரிகளோடும் வெளியூரில்தான் ஆட்டம். அதாவது காசு கூட, சரக்கு குறைவு. மாணவர் டிக்கெட் விற்பனை படுத்துவிட்டது. அணியும் தோற்கத் தொடங்கியது. செப்டம்பரில், இரண்டு கோக் பாட்டில் வாங்கினால் இரண்டு டிக்கெட் என்று ஒரு சலுகை வெளியே வர, நாடே சிரித்தது. 280 டாலர் கொடுத்து வாங்கிய மாணவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

அக்டோபர் கடைசியில், அடுத்த வருஷ மாணவர் விலையை 175 டாலராகக் குறைப்பதாக அறிவித்தார்கள். அதே வாரம் விளையாட்டுத் துறை இயக்குநர் டேவ் பிராண்டன் பதவி விலகினார். அணி ஐந்து வெற்றி, ஏழு தோல்வி என்று முடித்தது. டிசம்பரில், அதே அணிக்கு ஒரு காலத்தில் குவார்ட்டர்பேக்காக (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஆடிய ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்தார். 2015-ல் சராசரி மறுபடி 1,10,000-ஐத் தாண்டியது.

இத்தனை களேபரத்திலும், 1975 நவம்பரில் தொடங்கிய ‘ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல்’ என்ற தொடர்ச்சி அறுபடவில்லை. கொரோனா வருஷமான 2020-ஐ அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு முடிவு என்று மேலே சொன்னேனே, அதில் முதல் முடிவு இங்கே தலைமுறை தலைமுறையாக எடுத்துவைத்த முடிவு. தாத்தா வாங்கிய சீசன் டிக்கெட்டைப் பேரன் புதுப்பிக்கிறான். ஒரு மோசமான வருஷத்துக்காக அதை விட்டால் அந்த இருக்கை திரும்பக் கிடைக்காது.

பலமான எதிரணி வந்தால்தான் கூட்டமா? சமபலம் இருந்தால்தானே விறுவிறுப்பு?

விளையாட்டுப் பொருளாதாரத்தில் இது பழைய விவாதம். முடிவு தெரியாத ஆட்டத்துக்குத்தான் மக்கள் வருவார்கள் என்ற கருத்தை 1956-ல் சைமன் ராட்டன்பெர்க் பேஸ்பாலை வைத்து முன்வைத்தார். கல்லூரி ஃபுட்பாலில் அது பாதிதான் பொருந்தும் என்பது என் கணிப்பு. சொந்த ஊர் ரசிகருக்குத் தேவை பேர்பெற்ற எதிரணி, ஆனால் நம் ஆட்கள் ஜெயிக்க வேண்டும்! சமபலம் எல்லாம் டி.வி.யில் பார்க்கும் பொதுவான ரசிகருக்கு.

பெரிய அணிகள் சீசன் தொடக்கத்தில் சின்ன அணிகளுக்குப் பணம் கொடுத்து வரவழைத்து அடித்து அனுப்புவதும் இதனால்தான். சீசன் டிக்கெட்டுக்குள் அதுவும் அடக்கம் என்பதால் விற்பனைக் கணக்கு குறையாது. இருக்கைதான் காலியாக இருக்கும். சில சமயம் கணக்கு தப்பும். 2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகன் 4,00,000 டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட்டை வரவழைத்தது. 1,09,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் 34-32 என்று தோற்றது. காசும் போய், மானமும் போனது.

பரம எதிரியோடு ஆட்டம் என்றால்?

மற்ற காரணம் எதுவும் தேவையில்லை. டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 1894-லிருந்து ஆடி வந்தவை. கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டணி) மாறியதால் 2011-க்குப் பிறகு நின்றுபோய், 2024 நவம்பர் 30 அன்றுதான் மறுபடி மோதின. அந்த டிக்கெட்டுக்கு மறுவிற்பனைச் சந்தையில் நடந்த அடிதடியைப் பார்த்தவர்களுக்கு, அணி எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் இரண்டாம்பட்சம் என்று புரியும்.

டி.வி. வந்ததால்தான் கூட்டம் குறைந்ததா?

இந்தப் பயம் டி.வி. அளவுக்கே பழையது. 1950-களின் தொடக்கத்திலேயே என்.சி.ஏ.ஏ. பயந்துபோய், ஓர் அணி எத்தனை ஆட்டம் டி.வி.யில் வரலாம் என்று கட்டுப்பாடு போட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் அது நீடித்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட, 1984-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்தக் கட்டுப்பாட்டை ரத்து செய்தது. எதிர்த் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பைரன் வைட். அவரே ஒரு காலத்தில் கொலராடோவின் ஃபுட்பால் நட்சத்திரம் என்பது சுவாரசியம்.

அதன் பிறகு டி.வி.யில் ஆட்டம் வெள்ளமாக வந்தது, ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேல் கூட்டம் குறையவில்லை. முதல்நிலைப் பிரிவின் சராசரி 2008 வாக்கில் 46,000-ஐத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. சரிவு அதற்கப்புறம்தான், 2018-ல் 42,000-க்கும் கீழே போனது. அதனால் டி.வி. என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. பெரிய திரை, துல்லியமான படம், ஒரே நேரத்தில் பத்து ஆட்டம் மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதி, பக்கத்தில் கழிப்பறை – இத்தனையும் வீட்டுக்குள் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் சோபா ஜெயித்தது.

டி.வி. கெடுப்பது வேறு வழியில். பல ஆட்டங்களின் தொடக்க நேரத்தை டி.வி. நிறுவனம் 12 நாள் முன்னால்தான் சொல்கிறது, சில சமயம் வெறும் ஆறு நாள். முந்நூறு மைல் காரில் வர வேண்டியவர் ஓட்டல் அறையை எப்படிப் போடுவார்? மத்திய மேற்கின் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகிறது. நாடு முழுக்க டி.வி.யில் பார்க்கலாம். கேலரியில் போர்வை போர்த்திய சில ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். பிக் டென் கான்ஃபரன்ஸ் 2022-ல் போட்ட டி.வி. ஒப்பந்தங்கள் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணத்துக்கு முன்னால் வாசல் வசூல் எம்மாத்திரம்?

எந்த நேரத்து ஆட்டத்துக்குக் கூட்டம் அதிகம்?

தெற்கே கேட்டால் இரவு என்பார்கள். செப்டம்பர் பகல் வெயிலில் அலுமினியப் பலகையில் மூன்றரை மணி நேரம் உட்கார்வது தண்டனை. லூசியானாவின் எல்.எஸ்.யு. இரவு ஆட்டத்துக்கென்றே பேர்பெற்றது. 1988 அக்டோபர் 8 இரவு, ஆபர்ன் அணிக்கு எதிராக ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லாத நேரத்தில் டாமி ஹாட்சன் வீசிய பந்தை எடி ஃபுல்லர் பிடித்தார். எல்.எஸ்.யு. 7-6 என்று ஜெயித்தது. அந்த ஆரவாரம் வளாகத்து நிலநடுக்கமானியில் பதிவாகி, இன்றும் அதை ‘நிலநடுக்க ஆட்டம்’ என்றே சொல்கிறார்கள். காலை 11 மணி ஆட்டத்தில் இப்படி ஒன்று நடக்குமா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

மழை, இடி? பக்கத்தில் மின்னல் வெட்டினால் குறைந்தது 30 நிமிஷம் நிறுத்த வேண்டும். அடுத்த மின்னலில் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. இரண்டு முறை இப்படி ஆனால் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

மாணவர்கள் ஏன் பாதியில் போய்விடுகிறார்கள்?

அணி அதிகமாக ஜெயிப்பதும் ஒரு காரணம் என்றால் சிரிப்பாக இருக்கும். அலபாமா இடைவேளைக்குள் 35 புள்ளி முன்னால் இருந்தால், வெயிலில் உட்கார்ந்து மிச்சத்தைப் பார்க்க என்ன இருக்கிறது? பயிற்சியாளர் நிக் சேபன் இதைப் பற்றி வெளிப்படையாகவே பலமுறை புலம்பினார். 2019-ல் பல்கலைக்கழகம் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. நான்காவது குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி வரை ஸ்டேடியத்தில் இருந்தால் புள்ளிகள் சேரும், அந்தப் புள்ளிகள் பெரிய ஆட்டங்களின் டிக்கெட் வரிசையில் முன்னுரிமை தரும். போனின் இருப்பிடத்தை வைத்து ஆளைக் கண்காணிப்பதா என்று சண்டையும் வந்தது.

டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் செயலி தேவைப்படவில்லை. அங்கே மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே பார்ப்பார்கள். 1922-ல் ஆள் பற்றாக்குறையான அணிக்குத் துணையாகக் கேலரியிலிருந்து இறங்கி, சீருடை மாட்டி, கடைசிவரை ஓரத்தில் தயாராக நின்றான் கிங் கில் என்ற மாணவன். ‘தேவைப்பட்டால் நானும் இறங்குவேன்’ என்பதுதான் அந்த நிற்றலின் பொருள். இந்தப் பழக்கத்தை எந்த மார்க்கெட்டிங் துறையும் ஒரே சீசனில் உருவாக்கிவிட முடியாது.

ஆட்டத்தைத் தவிர வேறு எதற்காக வருகிறார்கள்?

டெயில்கேட்டிங்குக்காக. காரின் பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி, காலையிலிருந்தே சாப்பாடும் பேச்சும். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் தி குரோவ் என்ற மரத்தோப்பு இருக்கிறது. கூடாரத்துக்குள் வெள்ளைத் துணி விரித்த மேசை, வெள்ளித் தட்டு, கம்பியில் கட்டித் தொங்கவிட்ட அலங்கார சர விளக்கு. உடுத்தியிருப்பதைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல இருக்கும். டிக்கெட்டே வாங்காமல் தோப்போடு திரும்புகிறவர்களும் உண்டு. டென்னசியில் இன்னும் ஒருபடி மேலே போய், ஆற்றில் படகு ஓட்டி வந்து ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்டுவிட்டு வருவார்கள்.

அயோவாவின் கினிக் ஸ்டேடியத்துக்கு எதிரே குழந்தைகள் மருத்துவமனை. 2017-லிருந்து, முதல் குவார்ட்டர் முடிந்ததும் இரண்டு அணி ஆட்டக்காரர்கள், நடுவர்கள், கேலரி மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பி, மேல்மாடி ஜன்னலில் நிற்கும் குழந்தைகளுக்குக் கையசைக்கிறார்கள். வெளியூர் ரசிகர்களும் இதற்காகவே ஒருமுறை போய்வர ஆசைப்படுகிறார்கள்.

கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்களில் பேண்டுக்கே தனிக் கூட்டம். இடைவேளையில் கழிப்பறைக்குப் போவதா, வாத்தியம் முடியட்டும் என்பார்கள். இரண்டாம்நிலைப் பிரிவில் ஆடும் ஜாக்சன் ஸ்டேட் 2021-ல் சராசரியாக 42,000 பேரை வரவழைத்தது. முதல்நிலை அணிகள் பலவற்றுக்கு அது கனவு.

பீர் விற்றால் கூட்டம் கூடுமா?

கல்லா கூடும். தென்கிழக்கு கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி. 2019-ல்தான் பொது இருக்கைகளில் மது விற்பனைக்கு இருந்த தடையை நீக்கியது. பீருக்காகவே யாரும் டிக்கெட் வாங்குவதில்லை.

தொடர்ந்து தோற்கும் அணிக்கும் ஹவுஸ்ஃபுல் ஆகுமா?

நெப்ராஸ்காவில் ஆகிறது. 1962 நவம்பரில் தொடங்கிய ஹவுஸ்ஃபுல் வரிசை 400-ஐத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் 2017 முதல் 2023 வரை ஏழு சீசன் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். அந்த மாநிலத்தில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. ஃபுட்பால் என்றாலே லிங்கன் நகரத்துச் சிவப்புச் சட்டைதான். ஆட்ட நாளில் அந்த ஸ்டேடியம் ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்த, மாநிலத்தின் மூன்றாவது பெரிய ‘ஊர்’ ஆகிவிடும். 2023 ஆகஸ்ட் 30 அன்று அதே இடத்தில் பெண்கள் வாலிபால் ஆட்டம் வைத்தார்கள். வந்தவர்கள் 92,003. கூட்டம் சேருவதே அங்கே ஒரு பழக்கம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வரிசை அறுந்துவிடாமல் இருக்க, விற்காத டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்கி வசதியில்லாத குழந்தைகளுக்குக் கொடுத்த ஏற்பாடும் உண்டு. பித்தலாட்டம் என்று சிலர் சொல்கிறார்கள். குழந்தைகள் உள்ளே உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஸ்டேடியம் எங்கே இருக்கிறது என்பது முக்கியமா?

மிக முக்கியம். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் ஆடும் ‘ரோஸ் போல்’ ஸ்டேடியம், வளாகத்திலிருந்து சுமார் 25 மைல், லாஸ் ஏஞ்சலஸ் டிராஃபிக்கில். விடுதியிலிருந்து நடந்து போகிற தூரம் என்றால் தோற்கும் அணியையும் மாணவன் எட்டிப் பார்ப்பான். மினசோட்டா 2009-ல் நகரத்து உள்ளரங்கத்தை விட்டுவிட்டு வளாகத்துக்குள்ளேயே புது ஸ்டேடியம் கட்டிக்கொண்டு திரும்பியதும் இந்தக் கணக்கில்தான்.

இனிமேல் கட்டுபவர்கள் இன்னும் பெரிதாகக் கட்டுவார்களா?

இல்லை. நார்த்வெஸ்டர்ன் தன் பழைய 47,000 இருக்கை ஸ்டேடியத்தை இடித்துவிட்டு 35,000-க்குத் திட்டம் போட்டது. இருக்கை குறைவு, வசதி அதிகம், விலையும் அதிகம். இன்னொரு பக்கம், நல்ல இருக்கைக்காகக் கொடுக்கும் நன்கொடையில் 80 சதவீதத்துக்கு இருந்த வரிச்சலுகை 2018-லிருந்து இல்லை. பணக்கார ரசிகரைப் பிடித்துவைக்க ஏ.சி. அறையும் சாப்பாடும் தேவைப்படுகிறது. மேல் வரிசையில் குடும்பத்தோடு மலிவாக உட்கார்ந்த ஆளுக்கு இதில் இடம் குறைகிறது என்பது என் வருத்தம்.

என் பிள்ளை அங்கே எம்.எஸ். படிக்கிறான். ஓர் ஆட்டம் பார்க்க என்ன வழி?

பல பல்கலைக்கழகங்களில் முதுநிலை மாணவர்களுக்கும் மாணவர் விலை உண்டு. கோடைக்காலத்தில் வரும் மின்னஞ்சலைக் குப்பைக்குத் தள்ளாமல் படிக்கச் சொல்லுங்கள். சீசன் டிக்கெட் வேண்டாம் என்றால், செப்டம்பரில் சின்ன அணி வரும் ஆட்டத்துக்கு மறுவிற்பனையில் மலிவாகவே கிடைக்கும். அணியின் நிறத்தில் சட்டை போட்டுப் போகட்டும், எதிரணி நிறம் வேண்டாம். முதுகுப் பையைக் கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலான இடங்களில் கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் பைக்குத்தான் அனுமதி, சில இடங்களில் அதுவும் கிடையாது.